அட்டை, நூற்பா, விவரணை: வாசகன் இல்லாத எழுத்தின் வரலாறு

தன் வாசகன் யார் என்று எழுதுகிறவனுக்குத் தெரியாமல் போனது பற்றி நம் சிறுபத்திரிகைகள் நிறையவே புலம்பித் தீர்த்துவிட்டன. மனுஷனே அல்லாத வாசகனுக்கு எழுதுவது பற்றிப் பேச்சே கிடையாது. சேலம் அம்மாபேட்டையில் அந்த எழுத்து தலைமுறைகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. கட்டத் தாளில் கரையையும் புட்டாவையும் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் துளை குத்தி, அட்டைகளைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். தாளில் நெடுக்கு வரிசை ஒரு கொக்கி, குறுக்கு வரிசை ஒரு ஊடை. ஊடைக்கு ஒரு அட்டை. துளை இருந்தா இழை தூக்கும், இல்லேன்னா தூக்காது. இலக்கணம் அவ்வளவுதான்.

பிரான்சில் ஜக்கார்டு 1804இல் கொண்டுவந்த இந்த அட்டையைத் தன் கணக்கு எந்திரத்துக்கு எடுத்துக்கொள்ள நினைத்தார் பாபேஜ். 1843இல் ஏடா லவ்லேஸ் எழுதிய குறிப்புகளில் அந்த ஒப்புமை வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டு, கணினிக்கே தாய் நம்ம தறிதான் என்று மார்தட்டுகிற கட்டுரைகள் ஏராளம். சோம்பேறித்தனமான பெருமை அது. தறி எதையும் வாசிப்பதில்லை. துளை தப்பினால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே பிசகு விழும். நெசவாளியின் கண்ணில் படும். துளையில் காகிதம் ஒட்டினால் தீர்ந்தது. பிழை துணியிலேயே தெரிந்துவிடும் என்பதுதான் அட்டையின் நேர்மை.

இன்று செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டுக்கு எழுதப்படும் விவரணை இந்த வம்சத்தைச் சேர்ந்ததல்ல. மொழி மாதிரி ஒன்றின் கையில் சில கருவிகளைக் கொடுக்கிறார்கள். 2023இலிருந்து பரவலான முறை இது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் இதற்கென்று ஒரு பொது நெறிமுறையையும் வெளியிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விவரணை, நிரப்ப வேண்டிய புலங்கள். கருவிக்குள் ஓடும் நிரலை ஏஜெண்ட் பொதுவாகப் பார்ப்பதில்லை. விவரணையை வாசித்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று அர்த்தப்படுத்திக்கொள்கிறது. அதாவது, ஊகிக்கிறது.

ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இப்படி ஒரு ஏஜெண்டை வைத்ததாகக் கொள்வோம். கருவியின் பெயர் 'பாவு'. விவரணை: 'பாவு விவரம்'. உறுப்பினர் ஒருத்தர் "எம் பாவு என்னாச்சு?" என்று கேட்கிறார். ஏஜெண்ட் புதுப் பாவு வழங்கியதாகப் பதிந்து, நூல் விலையை அவர் கணக்கில் ஏற்றிவிடுகிறது. துணியில் தெரியாது இது; கூலி வாங்கும் நாளில்தான் தெரியும்.

அதையே இப்படி எழுதலாம்: 'உறுப்பினருக்கு ஏற்கெனவே கொடுத்த பாவின் நிலையைப் பார்க்க மட்டும். புதுப் பாவு வழங்காது. கணக்கில் எதையும் மாற்றாது. வழங்குவதற்குத் தனிக் கருவி உண்டு. உறுப்பினர் எண் கட்டாயம். பெயரை வைத்து ஊகிக்காதே, கேள். நீளம் மீட்டரில் வரும். பாவு இல்லையென்றால் வெறுமை திரும்பும். அது பிழை அல்ல.'

இதில் புதுசு ஒன்றுமில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி நன்னூலில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்தார். குன்றக் கூறல் அதில் ஒன்று, மிகைபடக் கூறல் இன்னொன்று. வகுப்பறையில் மனப்பாடம் செய்து மறந்தவை. முதல் 'பாவு விவரம்' குன்றக் கூறல். நூற்பா குன்றினால் உரை பெருகும். ஏஜெண்ட் உரைகாரனாகி இட்டு நிரப்பும். ஐம்பது கருவிக்கும் பக்கம் பக்கமாக எழுதி வைப்பது மிகைபடக் கூறல். முக்கியமானது அந்தக் குவியலில் அமுங்கிப்போகும். இரண்டு கருவிகள் ஒரே வேலையைச் சொல்வது மயங்க வைத்தல். நூற்பாவுக்கு நேரில் பாடம் சொல்ல ஆசிரியர் இருந்தார். இங்கே வாசகன் பிரதியோடு தனியாக விடப்பட்டிருக்கிறான்.

வரையறையை எழுதுகிற கை யாருடையது என்ற கேள்வி நெசவாளர்களுக்குப் பழக்கமானதுதான். கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கிய 1985 சட்டம் விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்றது. 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. ஆனால் 22 ரகங்கள் 1996இல் 11 ஆகச் சுருங்கின. பிறகு 2013 வாக்கில், நெசவின் ஒரு கட்டத்திலாவது மனித உழைப்பு தேவைப்படும் கலப்புத் தறியையும் கைத்தறியில் சேர்க்கலாம் என்ற யோசனை கிளம்பியபோது நெசவாளர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. விசைத்தறியிலும் அறுந்த இழையை முடிய ஒரு கை வேணுமே! ஒற்றை வாக்கியத்தில் ஒரு தொழிலின் எல்லையையே அழித்துவிட முடியும்.

கருவி விவரணையிலும் அதிகாரம் இப்படித்தான் நுழைகிறது. பயனர் கண்ணில் படாமல், ஏஜெண்ட் மட்டும் வாசிக்கும்படி விவரணைக்குள் கள்ளக் கட்டளைகளை ஒளித்துவைத்து, அதை இழுத்த பக்கம் இழுக்கலாம் என்று 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். விவரணையை ஏஜெண்டுக்கு மட்டும் காட்டிவிட்டுச் சங்கத்து உறுப்பினருக்கு மறைக்கிற ஏற்பாடு நெசவாளியிடமிருந்து அட்டையை ஒளித்துவைப்பதுதான். அம்மாபேட்டையில் அட்டை தறிக்கு மேலேயே தொங்கும். எந்தத் துளை தப்பு என்று நெய்கிறவர் விரல்விட்டுக் காட்டுவார்.