கோல்ஃப் வரிசையும் வரப்பு அருகம்புல்லும்

அமெரிக்காவில் இருக்கும் மகள் வயிற்றுப் பேரன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். கோல்ஃப் ஆட உலகிலேயே சிறந்த பகுதிகள் எவை என்று. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, கலிபோர்னியா, ஃப்ளோரிடா என்று போகிறது. இந்தியாவைத் தேடிப் பார்த்தேன், இல்லை. நான் அந்த மட்டையைத் தொட்டதுகூடக் கிடையாது. வங்கி வேலையில் கொடைக்கானலில் இரண்டு வருடம் இருந்தபோது, 1895-ல் தொடங்கிய அந்த ஊர் கோல்ஃப் கிளப்பின் புல்வெளியை வெளியே நின்று பார்த்தவன், அவ்வளவுதான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

ஸ்காட்லாந்து முதலிடம் என்பதில் தகராறு இல்லை. வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று 1457-லேயே அங்கே இந்த ஆட்டத்துக்குத் தடை போட்டிருக்கிறார்கள். எவ்வளவு பேர் ஆடியிருக்க வேண்டும்! இரண்டாம் இடத்திலிருந்துதான் என் வழக்கு. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே முதல் கோல்ஃப் கிளப் கல்கத்தாவில், 1829-ல். அடுத்து பம்பாய், 1842. பிரான்ஸின் போ நகரத்துக்கு 1856-ல்தான் வந்தது. பெங்களூர் கிளப் 1876. நியூயார்க் பக்கம் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் 1888-ல் தொடங்கியபோது பெங்களூருக்குப் பன்னிரண்டு வயது.

புல் விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ளோரிடா போன்ற வெப்பமான இடங்களின் மைதானங்களில் 'பெர்முடா புல்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்தான். தாவரவியலில் இரண்டுக்கும் ஒரே பெயர், சைனோடான் டாக்டிலான். ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, அருகோடு ஆப்பிரிக்கப் புல்லினம் ஒன்றைக் கலந்து 1950களில் மைதானத்துக்கென்றே புது வகை உண்டாக்கினார். எங்கள் ராசிபுரம் பக்கம் கடலைக் காட்டில் அருகு பிடித்துவிட்டால் எத்தனை தடவை கொத்தினாலும் போகாது. அப்பா அதைத் திட்டாத நாளில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும் மரியாதை. மிதித்தாலும் வெட்டினாலும் மறுபடி தழைக்கிற அந்தக் குணத்துக்குத்தான் அங்கே காசு.

ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கி வருகிறவர்களை 'கேடி' என்பார்கள். (நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள், போலீஸ்காரரைக் கேளுங்கள்.) வெள்ளைக்காரன் காலத்தில் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வேலைதான். ஆனால் அப்படி டெல்லியில் பை தூக்கிய அலி ஷேர்தான் 1991-ல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். விடுதியையும் விமான வசதியையும் எண்ணி வரிசை போடுகிறவர்கள் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

பேரனுக்குப் பதில் போட்டேன்: ஸ்காட்லாந்துக்கு அடுத்து கல்கத்தா, பிறகு பெங்களூர், அப்புறம் ஃப்ளோரிடா வரட்டும். "அப்புச்சி, ஒரு ஆட்டமாவது ஆடிட்டு வந்து சொல்லுங்க" என்கிறான்.