பெயர் சொல்லாத இதயம்

மார்பொலி கேட்க 1816இல் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் லேனெக், 1819இல் சுருங்கிய கல்லீரலின் நோய்க்குச் 'சிரோசிஸ்' எனப் பெயரிட்டார். பழுப்பு மஞ்சளைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் வேர். நிறம் சொன்ன பெயர் இதயத்தைச் சொல்லவில்லை.

1953இல் கோவால்ஸ்கியும் ஏபல்மானும் இந்நோயாளிகளின் இதயம் ஓய்விலும் மிகுதியான குருதியை வெளியேற்றுவதைக் கண்டனர். குழாய்கள் விரிந்து சுமை குறைவதால் இதயத்தசையின் தளர்ச்சி மறைந்திருக்கிறது. நெடுங்காலம் பழி மதுவின்மேல் விழுந்தது.

2005இல் மான்ட்ரியல் மாநாடு நோயறிதலுக்கு வரையறை வகுத்தது. 2020இல் வெளியான திருத்தம், தசை சுருங்கும் விகிதத்தை எக்கோவில் அளக்கும் முறையைச் சேர்த்தது. பெங்களூருவிலும் கல்லீரல் மாற்று அறுவைக்குமுன் எக்கோ எடுப்பதன் காரணம் இதுவே: புதிய கல்லீரல் பொருந்தியதும் குழாய்கள் இறுகும், மறைந்த தளர்ச்சி அப்போது வெளிப்படலாம்.