கல்கத்தாவின் நேர்காணல் அறைகள்

ஹௌரா பாலத்தையும் டிராம் வண்டியையும் காட்டிவிட்டால் கல்கத்தாவைக் காட்டியதாகிவிடும் என்பது இந்தியத் திரைப்படங்களின் நெடுநாளைய வழக்கம். ஆனால் 1963க்கும் 1975க்கும் இடையே அந்நகரில் உருவான சில வங்கப் படங்களை வரிசையாகக் காண்போருக்கு வேறோர் இடம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அது வேலை தேடி வந்தவரை எதிரே அமர்த்திக் கேள்வி கேட்கும் அலுவலக அறை. அங்கே என்ன கேட்கப்பட்டது, எம்மொழியில் கேட்கப்பட்டது, எந்த உடை எதிர்பார்க்கப்பட்டது என்று தொகுத்தால் நகரின் சமூக வரலாறு ஒன்று புலப்படும்.

1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்கு வந்தனர். ஒருவர் சம்பளத்தில் ஒரு குடும்பம் வாழ்ந்த நடுத்தர வாழ்க்கை ஆட்டங்கண்டது. 1960களின் நடுப்பகுதியில் அரசு முதலீடு குறைந்தது. ரயில் பெட்டிகளுக்கான கொள்முதலை நம்பியிருந்த பொறியியல் ஆலைகள் நலிந்தன. பட்டதாரிகளின் எண்ணிக்கை வளர, வேலைகளின் எண்ணிக்கை தேய்ந்தது. 1967இல் நக்சல்பாரி எழுச்சி. 1970 மார்ச்சில் ஐக்கிய முன்னணி அரசின் வீழ்ச்சி, குடியரசுத் தலைவர் ஆட்சி. திரையின் நேர்காணல் அறைகளுக்கு வெளியே நிகழ்ந்துகொண்டிருந்தவை இவை.

சத்யஜித் ராயின் ‘மகாநகர்’ (1963), நரேந்திரநாத் மித்ராவின் கதையைத் தழுவியது. குடும்பச் செலவுக்கு உதவ, பின்னல் எந்திரங்களை வீடு வீடாகச் சென்று விற்கும் வேலையில் ஆரதி சேர்கிறாள். உடன் பணியாற்றும் ஆங்கிலோ-இந்தியப் பெண் எடித் ஆங்கிலம் பேசுகிறாள். ஆரதியின் மொழி வங்காளம். இருவருக்குமிடையே நட்பு வளர அது தடையாகவில்லை. வங்காளியான முதலாளியோ எடித்தின் சமூகத்தையே காரணமாக்கி அவள் ஒழுக்கத்தைச் சந்தேகித்து வேலையைவிட்டு நீக்குகிறார். கணவனும் வேலையிழந்திருந்த நேரத்தில், ஆரதி அதே அறையில் தன் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறாள். இத்தனை பெரிய நகரத்தில் ஒரு வேலை கிடைக்காமலா போகும் என்னும் நம்பிக்கையில் படம் முடிகிறது.

ஏழே ஆண்டுகளில் அந்த நம்பிக்கை கேள்விக்குள்ளாகிவிட்டது. சுனில் கங்கோபாத்யாயின் நாவலை ஒட்டிய ‘பிரதித்வந்தி’யில் (1970), தந்தை இறந்ததால் மருத்துவப் படிப்பைக் கைவிட்ட சித்தார்த்தன் ஆங்கிலத்தில் நிகழும் நேர்காணலை எதிர்கொள்கிறான். கடந்த பத்தாண்டின் முக்கிய நிகழ்வு எது என்று கேட்கிறார்கள். நிலவில் மனிதன் இறங்கியதைச் சொல்லாமல் வியட்நாம் போரைச் சொல்கிறான். அடுத்த கேள்வி அவன் கம்யூனிஸ்டா என்பது. அவனுடைய அறிவைச் சோதிக்கத் தொடங்கிய கேள்வி, அவனுடைய அரசியலைத் துருவுவதில் முடிகிறது.

மிருணாள் சென்னின் ‘இண்டர்வியூ’ (1971) கேள்விகளுக்கு முன்பே உடைக்கு வந்துவிடுகிறது. நகரிலிருந்து காலனியச் சிலைகள் அகற்றப்படும் காட்சிகளுடன் தொடங்கும் இப்படத்தில், ரஞ்சித்துக்கு அந்நிய நிறுவனமொன்றில் வேலை ஏறக்குறைய உறுதி. மேற்கத்திய கோட்டு சூட்டு மட்டும் வேண்டும். சலவைக்கடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். இரவல் வாங்கிய சூட்டும் பேருந்தில் தொலைகிறது. வேட்டியும் ஜிப்பாவுமாகப் போனவனுக்கு வேலை இல்லை. சிலைகள் இறங்கிய பின்னும் அவற்றின் உடை அதிகாரத்தில் இருந்தது. கடையின் கண்ணாடிக்குப் பின்னே சூட்டணிந்து நின்ற பொம்மையின்மீது ரஞ்சித்தின் கோபம் பாய்வதற்கு அதுவே காரணம்.

சங்கரின் நாவலைத் தழுவிய ராயின் ‘ஜன அரண்ய’த்தில் (1975), நிலவின் எடை என்ன என்று சோமநாதனைக் கேட்கிறார்கள். இந்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவன் திருப்பிக் கேட்கிறான். அவனுடைய வியப்பு நியாயமானதே. பணியிடங்கள் சிலவாகவும் விண்ணப்பங்கள் மலைபோலவும் குவிந்த காலத்தில், தகுதியானவரைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும் வந்தவர்களைக் கழிப்பதே கேள்விகளின் பணியாயிற்று. நேர்காணல்களைக் கைவிட்டுத் தரகுத் தொழிலில் இறங்கும் சோமநாதன், ஓர் ஒப்பந்தத்துக்காக வாடிக்கையாளர் ஒருவரிடம் ஒரு பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். அவள் தன் நண்பனின் தங்கை என்று தெரிந்தபின்னும் அவன் பின்வாங்கவில்லை.

திரைப்படம் புள்ளிவிவரம் ஆகாது. வேலையின்மை எவ்வளவு என்பதை இப்படங்களிலிருந்து கணக்கிட இயலாது. வேலையின்மை மனிதரிடம் எதைக் கேட்டது என்பதற்கு மட்டும் இவை சான்று. ஆரதி அறத்துக்காக வேலையை விட்டாள். சோமநாதன் வேலைக்காக அறத்தை விட்டான். ஒப்பந்தம் கிடைத்துவிட்டதென்று சோமநாதன் வீட்டில் சொல்லும்போது, எதுவும் அறியாத தந்தை நிம்மதி அடைகிறார். அந்த இருவருக்கும் இடையே கழிந்தவை பன்னிரண்டே ஆண்டுகள்.