லட்சத்தில் மூன்று எங்கே?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற யாரிடமாவது 'ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்' என்று சொல்லிப் பாருங்கள். சட்டென்று புரிந்துகொள்வார்கள். உலோகத் துண்டின் மேல் பளிச்சென்று ஒரு மின்பொறி. அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று மளமளவென்று கணக்கு வந்துவிடும். காரணம், ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி வண்ணக்கோடுகள். கைரேகை மாதிரி!

இந்த வித்தைக்கும் மெட்ராஸுக்கும் பழைய சொந்தம் உண்டு. 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். மெட்ராஸ் வானாய்வுக்கூடத்து நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் முகாமிட்டிருந்தார். சூரிய விளிம்பின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு! யாருடைய ரேகை அது? அப்போது தெரியவில்லை. பிற்பாடுதான் பெயர் வைத்தார்கள், ஹீலியம் என்று.

சரி, ஆள் யாரென்று ஒளி சொல்லிவிடும். இரட்டையரில் மூத்தவனா இளையவனா என்று சொல்லுமா? இங்கேதான் யுரேனியம் வருகிறது. 235, 238 என்று இரண்டு ஐசோடோப்கள். வேதியியல் குணம் ஒன்றேதான். மூன்றே மூன்று நியூட்ரான் வித்தியாசம். ஆனால், யுரேனியக் குண்டு வெடிப்பது 235-ஐ நம்பித்தான்.

1972. பிரான்ஸில் பியர்லாட் ஆலை. ஆப்பிரிக்க நாடான காபோனின் ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்தைச் சோதித்தார்கள். லட்சம் அணுவில் 720 இருக்கவேண்டிய 235, 717-தான் இருந்தது. நம்மூர் கணக்குப்பிள்ளை என்றால் 'ரவுண்ட் ஆஃப்' பண்ணிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவர்கள் விடவில்லை. யாராவது சுருட்டிவிட்டார்களா? தோண்டித் துருவி சுரங்கம் வரை போனார்கள். திருட்டு இல்லை, அதிசயம்! சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாது தானாகவே அணு உலையாக எரிந்திருக்கிறது.

மூன்று அணுவைப் பிடித்தது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவி. துல்லியம் பிரமாதம். ஆனால், ஆய்வகம் வேண்டும், நேரமும் வேண்டும்.

அவசரத்துக்கு? லேசர்! ஒரு துடிப்பு அடித்தால் துளி யுரேனியம் ஆவியாகி, ஆயிரக்கணக்கான டிகிரியில் பிளாஸ்மாவாக ஜொலிக்கும். நிலவில் கந்தகம் இருப்பதை 2023-ல் சந்திரயான்-3 உறுதிசெய்தது இந்த முறையில்தான். யுரேனியத்தில் பாடு அதிகம். 424.4 நானோமீட்டர் ஊதாக் கோட்டில் இரட்டையருக்கு நடுவே இடைவெளி வெறும் 0.025 நானோமீட்டர். பதினேழாயிரத்தில் ஒரு பங்கு! காற்றழுத்தத்தைக் குறைக்காவிட்டால் இரண்டு கோடும் தடித்து ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

ஓக்லோவின் மூன்று அணுவை லேசர் கண்டுபிடித்திருக்குமா? சத்தியமாக இல்லை. ஆனால், சுரங்கத்து 0.7 சதவிகிதச் சரக்கா, குண்டுக்கான 90 சதவிகிதச் சரக்கா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடும். அணுப்பொருளைச் சோதிக்கப் போகிறவருக்கு அந்த முதல் பதில்தான் முக்கியம். பைசா சுத்தமான கணக்கை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும்.

எந்தக் கருவியாக இருந்தாலும், 720-க்கு 717 வந்தால் 'ஏன்?' என்று கேட்கிற ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்!