சருகுக்கு வைத்த தீ – ஒரு ஆசிரியரின் பிழைதிருத்தம்



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நான் வகுப்பில் தவறாகச் சொல்லிக் கொடுத்த ஒரு பாடத்தைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் காடுகள் பற்றிய பாடம். "மலைவாசிகள் தீ வைத்துக் காட்டை அழிக்கிறார்கள், அரசு காடுகளைப் பாதுகாக்கிறது" என்று கரும்பலகையில் எழுதினேன். விடுதியில் தங்கிப் படித்த ஏற்காட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "எங்க தாத்தா சருகுக்குத்தான் சார் தீ வைப்பாரு, காட்டுக்கு இல்ல" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு "உட்காருப்பா" என்றேன். ஓய்வு பெற்றபின் படிக்கப் படிக்க, அவன் சொன்னதுதான் சரி என்று புரிந்தது.

நம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குப் புளியும் தேனும் கடுக்காயும் மலையிலிருந்து இறங்கி வந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கொண்டுவந்தவர்கள் மலையாளிகள். கேரளத்தார் அல்ல, மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை எங்கும் வாழும் பழங்குடி மக்கள். தங்கள் மலையை நாடு நாடாகப் பிரித்து, ஊர்க்கவுண்டர், நாட்டார் என்று முறை வைத்து ஆண்டவர்கள். கொல்லிமலையில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று ஊராட்சிகளின் பெயரிலேயே அந்த ஆட்சிமுறை இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படிப்பட்டவர்கள் சொந்தக் காட்டில் அத்துமீறியவர்கள் ஆனது எப்படி?

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி பயிரிட வைத்தார். 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சேலம் வழியாகப் பேப்பூர் வரை ரயில் ஓடியது. தண்டவாளக் கட்டைக்கும் எஞ்சினில் எரிக்கவும் மரம் வேண்டியிருந்தது. காடு அரசுக்குப் பணமாகத் தெரிய ஆரம்பித்தது அப்போதுதான்.

அன்றே இதை எதிர்த்தவர்கள் ஆங்கிலேய அரசுக்குள்ளேயே இருந்தார்கள். இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடே அரிது, மக்கள் காலங்காலமாக அதைப் பயன்படுத்தி வருகிறார்கள் என்று 1871ல் சென்னை வருவாய் வாரியம் வாதாடியது. வாதம் எடுபடவில்லை. 1882ல் சென்னை வனச்சட்டம் வந்தது. காப்புக்காடு என்று எல்லைக்கல் நட்டபின், விறகு எடுப்பதும் மாடு மேய்ப்பதும் அனுமதி கேட்டுச் செய்யவேண்டிய காரியங்கள் ஆயின. விடுதலைக்குப் பின் 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சரணாலயத்துக்குள் காலங்காலமாகக் குடியிருப்பவர்களின் கதி என்ன என்ற கேள்விக்கு அதிலும் நியாயமான விடை கிடைக்கவில்லை.

இதன் விளைவைப் பார்க்கச் சத்தியமங்கலம் காட்டைத் தாண்டி, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போகவேண்டும். அங்கே பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் வாழ்கிறார்கள். அதே மக்கள் நம் பர்கூர் மலையிலும் சத்தியமங்கலத்திலும் உண்டு. காட்டைக் குலவாரியாக எல்லை பிரித்து, ஒவ்வோர் எல்லையிலும் கோயில் மரம், கல், ஊற்று என்று காத்து வந்தவர்கள். கோடை முற்றுவதற்கு முன், சருகு லேசாக இருக்கும்போதே சிறு தீ வைப்பார்கள். அதற்குச் சருகுத் தீ என்றே அவர்கள் மொழியில் பெயர். அது தரையோடு ஓடி அணைந்துவிடும். புது மரங்கள் கருகாது, புல் துளிர்க்கும், நெல்லி மரத்தைப் பிடித்த புல்லுருவி கட்டுப்படும்.

1974ல் அந்த மலை சரணாலயம் ஆனது. தீ வைப்பது குற்றம் ஆனது. பலரைக் காட்டுக்குள்ளிருந்து ஓரத்துக்கு நகர்த்தினார்கள். பிறகு நடந்தது என்ன? வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி (ஏற்காடு மலைப்பாதையிலும் பார்த்திருப்பீர்களே, அதேதான்) காடெங்கும் புதராக மண்டியது. நெல்லியில் புல்லுருவி பெருகியது. தீயை நிறுத்தியதும் இதற்கு ஒரு காரணம் என்று சோளகர்கள் சொன்னதை, ஆய்வாளர்கள் பின்னர் பதிவு செய்தார்கள். என் மாணவன் ஒரே வரியில் சொன்னதும் இதைத்தானே!

2006ல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. வனவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று அதன் முகப்புரையே ஒப்புக்கொள்கிறது. இந்தச் சட்டப்படி காட்டைப் பயன்படுத்துவதோடு பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராமசபைக்கு அதிகாரம் உண்டு. 2011 ஜனவரியில் பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகம் ஆனது. சோளகர்கள் விடவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று 25 கிராமசபைகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இந்த உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. மனிதர் இருந்தால் புலி இராது என்றார்கள். அடுத்து வந்த கணக்கெடுப்பில் புலி குறையவில்லை, கூடியது.

கிராமசபையின் பலத்துக்கு இன்னொரு சாட்சி ஒடிசாவின் நியமகிரி. 2013ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி 12 கிராமசபைகள் கூடின. தங்கள் மலையில் பாக்சைட் வெட்டக் கூடாது என்று 12 ஊரும் ஒரே குரலில் சொன்னது. சுரங்கம் நின்றது. நம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டத் தொடங்கியபோது ஊரைக் கேட்கும் இப்படி ஒரு சட்டம் இல்லை.

தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டா வழங்குவது 2008ல் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் முடங்கியது. 2016ல்தான் உச்ச நீதிமன்றத்தில் தடை நீங்கியது. எட்டு ஆண்டுகள் வீண். இதற்கிடையே 2013ல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் வந்தது. 2024ல் பர்கூர், அந்தியூர் பக்கம் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் வந்தது. பர்கூர் மாடுகளைக் காட்டில் பட்டி போட்டு மேய்த்துப் பிழைக்கும் மக்கள், இனி எங்கே மேய்ப்பது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடையை எழுதும்போது அவர்களும் மேசையில் இருக்க வேண்டாமா?

வேட்டையையும் மரக்கடத்தலையும் நான் நியாயப்படுத்தவில்லை. வனத்துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்களின் சிரமமும் எனக்குத் தெரியும். ஆனால் காட்டைத் தினமும் பார்க்கிறவனைக் காவலுக்குத் துணையாக வைத்துக்கொள்வதா, குற்றவாளியாக நிறுத்துவதா என்பதை நாம்தான் முடிவு செய்யவேண்டும்.

மலையூர்களில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வன உரிமைக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். தனிப்பட்டா மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். சமூக வன உரிமைக்கும் கிராமசபையில் மனு வையுங்கள். பெரியவர்களுக்குத் தெரிந்த எல்லை, ஊற்று, கோயில் காடு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அதுவே சாட்சியம்.

அந்தப் பையன் இன்று எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. இதைப் படித்தால் கருத்துப் பகுதியில் ஒரு வரி எழுதப்பா. அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தவறு. உன் தாத்தாவிடம் கேட்டு வந்து சொல் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.