குடிமைப் பள்ளியும் பொறியின் குரலும்

ஜனநாயகம் என்பது சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்த அளவிலே உயிர் பெற்றுவிடுவதன்று. சட்டம் உரிமையை அளிக்கும். அவ்வுரிமையைக் கையாளும் திறமையை அளிக்காது. அறிந்தவர் ஒருவர் அறியாதவர் அருகே அமர்ந்து பொறுமையோடு பழக்கினாலன்றி அத்திறமை வருவதில்லை.

அண்மையில் ஒருநாள் மாலை, நாம் பேனா பிடிக்கும் தோட்டத்து ஆபீசுக்கு வயது முதிர்ந்த மாது ஒருவர் தம் கைப்பேசியை ஏந்தி வந்தார். மந்திரி ஒருவர் உதவித் தொகை அறிவிப்பதுபோல் அதில் ஒரு படம் ஓடிற்று. "கிராணி ஐயா, இது மெய்தானா?" என்றார். "பொய்யம்மா, அழித்துவிடுங்கள்" என்றோம். அவரும் அழித்துவிட்டுப் போனார். போன பின்னரே நமக்கு ஒன்று உறைத்தது. முன்பு அவர் படத்தை நம்பினார்; பின்பு நம்மை நம்பினார். தாமே ஆராய்ந்து தெளியும் வழியை நாம் அவருக்குக் காட்டவில்லையே!

செயற்கை நுண்ணறிவு மனிதரின் முகத்தையும் குரலையும் போலியாகச் சமைக்கும் இக்காலத்தில், ஜனநாயகத்தைக் காக்கும் பொருட்டு இளைஞரைத் தேர்ந்து, உதவிச் சம்பளம் அளித்து, அனுபவசாலிகளின் கீழ்ப் பழக்கும் திட்டங்கள் பல நாடுகளிலே தோன்றியுள்ளன. இம்முயற்சி முற்றும் புதிதென்று எண்ணுவோர் உளர். கருவி புதிது, முறை பழையது. அம்முறை தழைத்த இடம் ஒன்றின் சரித்திரத்தை நேயர்கள் அறிதல் நலம்.

ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினா மாகாணத்திலே, சார்லஸ்டன் நகரை அடுத்து ஜான்ஸ் தீவு என்று ஒன்றுண்டு. அடிமைகளாய் உழைத்து மாய்ந்த கறுப்பினத்தாரின் சந்ததியார் அங்கே மிகுதியாக வாழ்ந்தனர். அவர்கள் அடிமைத்தளை அறுந்து தொண்ணூறு ஆண்டுகள் சென்றும் வோட்டுரிமை கைக்கு எட்டவில்லை. வோட்டர் பட்டியலிலே பெயர் ஏற வேண்டுமாயின், மாகாண அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்தும் எழுதியும் காட்ட வேண்டும். அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி செலுத்தியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட மக்களுக்குப் படிப்பறிவுப் பரீட்சை! எழுத்தறிவைக் காரணம் காட்டி இனத்தை விலக்கிய சூழ்ச்சியே அது.

அத்தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பார் சொந்தமாகப் பஸ் ஓட்டி, கூலிக்காரரை நகரத்துக்கு ஏற்றிச் சென்று வந்தார். வழி நெடுக அவர்களுக்குச் சட்டத்தின் பகுதியைச் சொல்லிக்கொடுத்தார். ஓடும் பஸ்ஸில் மனப்பாடம் செய்யலாம். எழுத்துக் கற்க இயலுமா? ஆகவே, 1932-ல் மைல்ஸ் ஹார்ட்டன் முதலியோர் டென்னெஸி மலைப்பகுதியில் நிறுவிய ஹைலாண்டர் மக்கள் பள்ளியின் உதவியை அவர் நாடினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பந்தியில் உண்பதைச் சட்டமே தடுத்த நாளில், இரு சாராரும் ஒருங்கே உண்டு ஒருங்கே கற்ற நிலையம் அது.

அங்கே பயிற்சிகளை நடத்தியவர் செப்டிமா கிளார்க் அம்மையார். 1898-ல் பிறந்த அவர், 1916-ல் இதே ஜான்ஸ் தீவிலேதான் இளம் ஆசிரியையாகப் பணி தொடங்கினார். கறுப்பினத்தாரின் உரிமைச் சங்கத்தில் அரசாங்கப் பணியாளர் எவரும் அங்கம் வகிக்கலாகாதென்று 1956-ல் அம்மாகாணம் சட்டம் செய்தது. அம்மையார் சங்கத்தைவிட்டு விலக மறுத்தார். நாற்பது ஆண்டு உழைத்த வேலையும், அதற்குரிய பென்ஷனும் பறிபோயின. கொள்கை போகவில்லை.

தீவுப் பள்ளிக்கு ஆசிரியர் யார் என்ற கேள்வி எழுந்தது. பட்டம் பெற்றவரைத் தேடவில்லை. தலையலங்காரமும் தையலும் தொழிலாகக் கொண்ட பெர்னிஸ் ராபின்சன் என்ற மாதையே தேர்ந்தனர். அவர் தமக்குத் தகுதியில்லையென்று தயங்கினார். மெத்தப் படித்தவரானால் கல்லாதாரை ஏளனமாய்ப் பார்க்கக்கூடும். அவர்களுள் ஒருவரோ அன்போடு பார்ப்பார் என்பதே தேர்ந்தவர்களின் எண்ணம். கிளார்க் அம்மையார் பக்கத்துணையாய் நின்று அவரைப் பழக்கினார்.

1957 ஜனவரியில் முதற் குடிமைப் பள்ளி தொடங்கிற்று. முன்புறம் மளிகைக் கடை; பின்னறையில் வகுப்பு. வெள்ளையரின் கண்ணுக்குத் தப்புவதற்காகவே இந்த ஏற்பாடு. ஆசிரியை முதல் நாள் பாடம் நடத்தவில்லை. நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். தம் பெயரைத் தாமே எழுத வேண்டும் என்றனர் சிலர். தூரத்திலிருக்கும் பிள்ளையின் கடிதத்தைப் பிறர் உதவியின்றிப் படிக்க வேண்டும் என்றனர் சிலர். மணியார்டர் பாரத்தை நிரப்ப வேண்டும் என்றனர் வேறு சிலர். அவையே பாடங்களாயின. 1948-ல் ஐக்கிய நாட்டுச் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரிலே ஒட்டி, முடிவில் அனைவரும் இதைப் படிக்க வேண்டுமென்று இலக்கு வைத்தார். வாரம் இரண்டு இரவுகளாய் இரண்டே மாதம் நடந்த வகுப்பு அது. கைநாட்டு வைத்தவர்கள் கையொப்பமிட்டுப் பட்டியலில் ஏறினார்கள்.

அண்டைத் தீவுகளும் இத்தகைய பள்ளியைக் கேட்டுப் பெற்றன. 1961-ல் டென்னெஸி அதிகாரிகள் ஹைலாண்டரை மூடினர். ஆயினும் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கம் அத்திட்டத்தை ஏற்று, ஜார்ஜியா மாகாணத்தில் பயிற்சி நிலையம் அமைத்தது. அங்கே பழகிச் சென்றவர்கள் ஊர்தோறும் ஆசிரியராயினர்; மாணவர் பிறருக்கு ஆசிரியராவதே அத்திட்டத்தின் உயிர்நாடி. 1965-ல் வோட்டுரிமைச் சட்டம் பிறந்து, தென் மாகாணங்களின் படிப்பறிவுப் பரீட்சை ஒழிந்தது.

தடை ஒழிந்தது, தடுக்கும் எண்ணம் ஒழிந்ததா? 2024 ஜனவரியில், அதே அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் பூர்வாங்கத் தேர்தலுக்கு இரு நாள் முன்பு, ஆயிரக்கணக்கான வீடுகளில் டெலிபோன் ஒலித்தது. அப்போதைய ஜனாதிபதி பைடனின் குரல், இத்தேர்தலில் வோட்டளிக்க வேண்டாமென்றது. அது அவர் குரலன்று. பொறி சமைத்த குரல்! மறுமாதமே அரசாங்கத் தகவல் தொடர்புக் கமிஷன், இத்தகைய குரலைத் தானியங்கி அழைப்புகளில் பயன்படுத்துவது சட்ட விரோதமென்று விளக்கம் அளித்தது. நன்று. எனினும் சட்டம் வந்து சேருமுன் அழைப்பு வீட்டுக்கு வந்துவிட்டதே! அவ்வேளையில் காக்க வல்லது கேட்பவரின் தெளிவன்றி வேறு யாது?

நம் மலேசியாவில் எழுத்தறிவுப் பரீட்சை இல்லை. 2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பியோரின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. உரிமை வாசலுக்கே வந்து நிற்கிறது. ஆயின், பொய்யும் அதே வாசலில் கைப்பேசி வழியே வந்து நிற்கிறது.

இங்கே நம் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் படித்த நாம் இத்தனை ஆண்டுகளாய்ப் பிறருக்குப் பாரங்களை நிரப்பித் தந்தோம்; நிரப்பக் கற்றுத் தந்தோமில்லை. உதவி என்று நாம் எண்ணியது, அவர்களை நம் மேசைக்கு அருகே காக்கவைத்த ஏற்பாடேயன்றி வேறன்று. தலையலங்காரக்காரி ஒருவர் செய்ததை, பேனா பிடித்த நாம் செய்யவில்லை.

மறு ஞாயிறன்று அம்மூதாட்டியை அழைத்து அமர்த்தினோம். இச்செய்தியை அனுப்பியவர் யார், அவருக்கு எங்கிருந்து கிடைத்தது, அந்த இலாகாவின் சொந்த அறிவிப்பில் இது உண்டா, அவசரப்படுத்திப் பணமோ அடையாள எண்ணோ கேட்கிறதா என்று வரிசையாகக் கேட்டுப் பார்க்கப் பழக்கினோம். மூன்றாம் வாரம் அவர் தம் அண்டை வீட்டுக்காரியையும் உடன் அழைத்து வந்தார். "நீங்க பேசாம இருங்க ஐயா, நானே சொல்லித் தர்றேன்" என்றார். நாம் பேசாமலிருந்தோம்.

படித்த இளைஞர்களே! உதவிச் சம்பளமும் பெரிய நிலையமும் வாய்க்கட்டும் என்று காத்திராதீர்கள். உங்கள் லயத்திலும் தெருவிலும் ஒருவரைப் பழக்குங்கள். அவர் இன்னொருவரைப் பழக்கட்டும். ஜனநாயகத்தின் காவல் அங்கேதான் தொடங்குகிறது.