அபத்தச் சிரிப்பின் சமூக வேர்கள்: ஸ்பைக் மில்லிகன் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

அவலத்துக்கு வரலாறு உண்டென்பதை ஏற்றுக்கொள்ளும் நாம், சிரிப்புக்கும் வரலாறு உண்டென்பதை எளிதில் ஏற்பதில்லை. நகைச்சுவை தனிமனித இயல்பின் வெளிப்பாடு என்றும், காலங்கடந்த மானிடப் பொதுமை என்றும் கூறி அமைந்துவிடுவதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. ஆயின் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலை ஒன்றாக வைத்ததும், உரையாசிரியரான பேராசிரியர் அவ்வெள்ளலையே தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல் என இருவகைப்படுத்தியதும் மனங்கொள்ளத்தக்கன. சிரிப்பவன் யார், சிரிக்கப்படுபவன் யார், அவ்விருவரிடையே நிலவும் அதிகார உறவு யாது என்ற வினாக்களை இப்பாகுபாடு தவிர்க்கவியலாதவாறு எழுப்புகின்றது. இவ்வினாக்களை முன்வைத்து, இருபதாம் நூற்றாண்டு ஆங்கில அபத்த நகைச்சுவையின் மூலவராகக் கருதப்படும் ஸ்பைக் மில்லிகனின் (1918 - 2002) வாழ்வையும் ஆக்கங்களையும் ஈண்டு நோக்க முற்படுகிறோம்.

மில்லிகனைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அவரை ஒரு விசித்திர மேதையாகவே சித்திரித்துள்ளனர். அவரது எழுத்தில் தர்க்கம் தலைகீழாவதற்கு அவரது மனநோயே காரணமென்பது பலரும் கூறும் விளக்கமாகும். இவ்விளக்கம் முற்றிலும் பொய்யன்று, எனினும் போதுமானதன்று. அவரது அபத்தம், சிதைந்துகொண்டிருந்த ஒரு சாம்ராச்சியத்தின் படைமுகாம்களிலே வேர்கொண்டது என்பதும், அதன் வலிமையும் வரம்பும் அவ்வேரினாலேயே நிர்ணயிக்கப்பட்டன என்பதுமே எமது கருத்தாகும்.

2

ரெறன்ஸ் அலன் மில்லிகன் 1918 ஏப்ரல் 16 ஆந் திகதி, அன்றைய பம்பாய் மாகாணத்து அகமதுநகரிற் பிறந்தார். தந்தையார் அயர்லாந்துக்காரர், பிரித்தானியப் பீரங்கிப் படையிற் பணிபுரிந்தவர். தாயார் ஆங்கிலேயர். பூனாவிலும் பின்னர் இரங்கூனிலும் மில்லிகனின் இளமை கழிந்தது. காலனித்துவப் படைவீரரின் குடும்பம் வகித்த சமூகநிலை முரண்பாடுடையது. சுதேசிகளை நோக்குமிடத்து அது ஆளும் இனத்தைச் சேர்ந்தது. வேலையாட்களை வைத்து வாழும் வசதி அதற்கு இருந்தது. உயர் அதிகாரிகளை நோக்குமிடத்தோ அது கட்டளைக்குக் கீழ்ப்படியும் வர்க்கத்தைச் சேர்ந்தது. அணிவகுப்பும் எக்காளமும் கொடியும் சிறுவனின் கண்ணுக்குப் பெருங்காட்சியாக அமைந்தன. அக்காட்சியின் அடித்தளத்தில் அவனது குடும்பத்துக்கு உறுதியான இடம் இருக்கவில்லை.

1930களின் தொடக்கத்திற் குடும்பம் இங்கிலாந்து சென்றபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. இந்தியாவில் ஆளும் இனத்தவராய் இருந்தோர் தென் இலண்டனின் தொழிலாளர் குடியிருப்புக்களில் வறியோருள் வறியோராயினர். உலகப் பொருளாதார மந்தத்தின் கொடுமை உச்சநிலை அடைந்திருந்த காலம் அது. மில்லிகன் சிறு சிறு வேலைகள் பார்த்தார். ஜாஸ் இசையில் ஈடுபாடு கொண்டு ஊதுகுழல் வாசித்தார். ஒஸ்வால்ட் மோஸ்லியின் பாசிச இயக்கம் தம் வட்டாரத்தில் ஆதரவு திரட்டியபோது, அதன்மீது கொண்ட வெறுப்பினால் இளங் கம்யூனிஸ்ட் கழகத்திற் சேர்ந்தார். இதனைக் கொண்டு அவரை முறையான அரசியற் பிரக்ஞை வாய்ந்தவரெனக் கொள்ளுதல் மிகையாகும். எனினும், அதிகாரத்தின் வேடத்தைக் கண்டு வெகுளும் மனோபாவம் யுத்தத்துக்கு முன்னரே அவரிடம் அமைந்திருந்தது எனலாம்.

3

1940 இல் மில்லிகன் படைக்கு அழைக்கப்பட்டார். பீரங்கிப் படைப்பிரிவொன்றிற் சமிக்ஞையாளராகத் தென் ஆங்கிலக் கரையோரத்துப் பெக்ஸ்கில்லிலும், 1943 இலிருந்து வட ஆபிரிக்காவிலும், அதன்பின் இத்தாலியிலும் பணிபுரிந்தார். 1944 ஜனவரியில், கசீனோ மலைப்பகுதிப் போரின்போது, எறிகணைத் தாக்குதலிற் காயமுற்றார். உடற்காயம் சிறிது, உளக்காயமோ ஆறாதது. அழுகையும் திக்குவாயும் அவரைப் பற்றிக்கொண்டன. இந்நிலையில் அவரை மேலதிகாரி பதவியிறக்கஞ் செய்தார். போரினாற் சிதைந்த மனத்தைப் படைநிர்வாகம் கோழைத்தனமாகப் பதிவுசெய்துகொண்டது.

சர்ரியலிசத்தின் தோற்றத்தை இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். 1924 இல் அவ்வியக்கத்தின் பிரகடனத்தை வெளியிட்ட அந்திரே பிரெத்தோன், முதலாம் உலக யுத்தத்தின்போது மனநோயுற்ற படைவீரருக்கான மருத்துவ நிலையங்களிற் பணிபுரிந்தவர். பகுத்தறிவின் பெயரால் நாகரிக ஐரோப்பா இலட்சக்கணக்கானோரைக் கொன்று குவித்ததைக் கண்ட தலைமுறையே அப்பகுத்தறிவை ஐயுறத் தலைப்பட்டது. பாரிஸ் நகரின் கலைஞர் குழாத்துடன் மில்லிகனுக்குத் தொடர்பேதும் இல்லை. ஆயினும் அவர்களுட் சிலர் மருத்துவராக நின்று கண்டதை இவர் நோயாளியாகக் கிடந்து கண்டார். கட்டளைக்கும் விளைவுக்குமிடையே தர்க்கத் தொடர்பு அற்றுப்போன உலகை அவர் கற்பனை செய்யவேண்டியிருக்கவில்லை. படைவாழ்க்கை அதனை நாள்தோறும் வழங்கியது.

போர்முனைக்குத் தகுதியற்றவராகக் கருதப்பட்ட மில்லிகன் படையினருக்கான கேளிக்கைக் குழுக்களில் இசைக்கலைஞராகவும் நகைச்சுவையாளராகவும் மாறினார். பிற்காலத்துத் தோழரான ஹரி சீக்கமை அவர் சந்தித்ததும் யுத்த காலத்திலேயே. மற்றொரு தோழரான பீற்றர் செல்லேர்ஸ், விமானப்படைக் கேளிக்கைக் குழுவொன்றில் இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளிற் சுற்றித் திரிந்து, அதிகாரிகளின் பேச்சையும் நடையையும் போலிசெய்யக் கற்றவர். பின்னாளில் பிரித்தானிய வானொலியை அதிரவைத்த சிரிப்பு, சாம்ராச்சியத்தின் எல்லைப்புறங்களிற் பயிலப்பட்டது என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

4

யுத்தத்தின் பின் இலண்டனில், ஜிம்மி கிராவ்டன் என்பாரின் மதுச்சாலையில் மில்லிகன், சீக்கம், செல்லேர்ஸ், மைக்கேல் பென்ரீன் ஆகிய நால்வரும் கூடினர். நால்வரும் படையிலிருந்து மீண்டவர்கள். இவர்கள் நடத்திய நிகழ்ச்சி 1951 மே 28 இல் 'கிறேசி பீப்பிள்' என்ற பெயரிற் பி.பி.சி. வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கி, அடுத்த ஆண்டில் 'த கூன் ஷோ' எனப் பெயர் மாறிற்று. பென்ரீன் சிறிது காலத்தில் விலகினார். 1960 ஜனவரி வரை பத்துத் தொடர்களாக நடைபெற்ற இந்நிகழ்ச்சியின் பிரதான எழுத்தாளர் மில்லிகனே. லரி ஸ்ரீவன்ஸ், எரிக் சைக்ஸ் ஆகியோர் சிற்சில காலங்களில் உடன் எழுதினர்.

இந்நிகழ்ச்சியின் பாத்திரங்களைத் தொகுத்து நோக்கின், ஒரு சமுதாயத்தின் குறுக்குவெட்டு முகம் புலனாகும். மேஜர் பிளட்நொக் இந்தியப் படையின் முன்னாள் அதிகாரி. கோழை, கையூட்டு வாங்குபவர், வயிற்றுக்கோளாறினால் ஓயாது வருந்துபவர். கிறிற்பைப்-தைன் உயர்வர்க்கத்தாரின் நாகரிகத் தொனியிற் பேசும் மோசடிக்காரர். இவர்களை நம்பி ஒவ்வொரு வாரமும் ஏமாறும் நெட் சீகூன், தேசபக்தி மிக்க நடுத்தர மனிதர். எக்கிள்ஸ் என்பவனோ யாவரினும் கீழானவன், பேதை. ஆயினும் எவரையும் வஞ்சிக்காத ஒருவன். மில்லிகன் தமது சொந்தக் குரலை வழங்குவதற்கு இவனைத் தேர்ந்தமை கவனிக்கத்தக்கது. படைவீரன் அதிகாரியைக் காணும் கோணமே இப்பாத்திரப் படைப்பின் அடிப்படையாகும். எள்ளல் கீழிருந்து மேல்நோக்கிச் செல்கின்றது.

கதைப்பொருளும் அத்தகையதே. யுத்தகால இருட்டடிப்பின்போது பெக்ஸ்கில் மக்கள்மீது மாவுப் பலகாரம் எறியும் மர்ம மனிதனைத் தேடி அலைவது 1954 இன் ஒரு நிகழ்ச்சி. ஓவெலின் நாவலைப் பி.பி.சி. தொலைக்காட்சி நாடகமாக்கிச் சில வாரங்களே கழிந்த நிலையில், 1955 ஜனவரியில் மில்லிகன் அதனைக் கேலிசெய்து, அனைத்தையும் அடக்கியாளும் அந்நிறுவனம் பி.பி.சி.யே எனக் காட்டினார். சம்பளம் தரும் நிறுவனத்தையே சர்வாதிகார அரசாகச் சித்திரித்த துணிவு சாதாரணமானதன்று.

வடிவ அடிப்படையிலும் இந்நிகழ்ச்சி புதுமை வாய்ந்தது. வானொலி கண்ணுக்குப் புலனாகாத ஊடகம். எனவே அங்கு எதுவும் நிகழலாம். நெப்போலியனின் பியானோவைத் தோணியாக்கி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கலாம். ஒலியை வெறும் பின்னணியாகக் கொள்ளாது கதையின் தர்க்கமாகவே மில்லிகன் கையாண்டார். 1958 இல் நிறுவப்பட்ட பி.பி.சி. ஒலிப் பட்டறை பிளட்நொக்கின் வயிற்றோசையை உருவாக்கியமை அவ்வூடகத்தின் தொழில்நுட்ப வரலாற்றிலும் இடம்பெறுகின்றது.

இப்படைப்பின் பின்னாலிருந்த உழைப்பையும் நாம் மறந்துவிடலாகாது. வாரந்தோறும் அரைமணி நேரப் பிரதியை எழுதித் தரவேண்டிய நிர்ப்பந்தம், ஆறாத போர்க்காயத்தின்மேற் சுமத்தப்பட்டது. 1952 இன் இறுதியில், கத்தியுடன் செல்லேர்ஸைத் தாக்க முயலும் அளவுக்கு மில்லிகனின் மனநிலை குலைந்தது, மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். சிரிப்பும் ஒரு கைத்தொழிலாகிவிட்ட சமுதாயத்தில், அதனை உற்பத்தி செய்பவன் சிரிப்பதில்லை. தம் நோயை அவர் பின்னாளில் மறைக்கவில்லை. உளமருத்துவர் அந்தனி கிளேயருடன் சேர்ந்து 1993 இல் மனச்சோர்வு பற்றி நூலொன்றை வெளியிட்டார்.

5

1960களின் தொடக்கத்தில் மில்லிகனின் வாழ்க்கை அவரது எழுத்தைப் போலவே அபத்தமாயிற்று. சாம்ராச்சியத்திற் பிறந்து, அதன் படையிற் போரிட்டுக் காயமுற்றவர் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது, பிரசாவுரிமைச் சட்டங்கள் மாறியிருந்தமையால், முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டுமெனப் பணிக்கப்பட்டார். அவர் மறுத்தார், தந்தைவழி உரித்தினால் அயர்லாந்துப் பிரசையானார். தான் பிறந்த இடம் தன்னுடையதன்று, தான் போரிட்ட நாடும் தன்னுடையதன்று என்ற நிலை, சாம்ராச்சியம் கலைந்தபோது உலகெங்கணும் எண்ணற்றோர்மீது சட்டத்தின் பெயரால் சுமத்தப்பட்ட நிலையாகும். மில்லிகன் வெள்ளையர், புகழ்பெற்றவர், எனவே அவருக்கு அது ஒரு வேடிக்கைக் கதையாக முடிந்தது. ஏனையோர்க்கு அவ்வாறு முடியவில்லை.

1963 இல் வெளிவந்த 'புக்கூன்' என்ற நாவலை இப்பின்னணியிலேயே வாசிக்கவேண்டும். அயர்லாந்து பிரிக்கப்பட்டபின், 1924 இல் எல்லையை வகுக்க அதிகாரிகள் கூடுகின்றனர். அவர்கள் இழுத்த கோடு புக்கூன் என்னும் கிராமத்தை ஊடறுக்கின்றது. தேவாலயம் ஒரு நாட்டிலும் மயானம் மறு நாட்டிலுமாகப் பிரிகின்றன. இறந்தவரைப் புதைப்பதற்கும் கடவுச்சீட்டு வேண்டியதாகின்றது. மதுச்சாலையின் ஒரு மூலை மட்டும் வடக்கின் ஆட்சிக்குட்படுகின்றது. அங்கு விலை குறைவாதலால் குடிப்போர் யாவரும் அம்மூலையிலேயே நெருக்கியடித்து நிற்கின்றனர். கதைத்தலைவனோ தனக்கு வாய்த்த கால்களைப் பற்றி ஆசிரியரிடமே முறையிடுகின்றான். வரைபடத்தில் இழுக்கப்படும் கோடு மனிதரின் அன்றாட வாழ்வில் எத்தகைய பேதைமையைப் புகுத்துகின்றது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய நகைச்சுவை நூல்கள் சிலவே.

ஜோன் அன்ரோபசுடன் இணைந்து எழுதி 1962 இல் முதன்முதல் மேடையேறிய 'த பெட் சிற்றிங் றூம்' என்ற நாடகம், அணுவாயுத யுத்தத்தின் பின் எஞ்சியோரைக் காட்டுகின்றது. பிரபு ஒருவர் வாடகை அறையாக உருமாறுகின்றார். உலகு அழிந்தபின்னும் வர்க்க மரியாதைகள் மட்டும் அழியாதிருக்கின்றன. 1971 இல் தொடங்கி ஏழு தொகுதிகளாக வெளிவந்த யுத்த நினைவுகளோ, தளபதிகளின் வரலாற்றுக்கு மாற்றாகச் சாதாரணப் படைவீரனின் வரலாற்றை முன்வைத்தன. கேலிக்கிடையே தோழர்களின் மரணம் திடீரெனக் குறுக்கிடும் முறையே அந்நூல்களின் பலமாகும்.

6

இத்துணைக் கூறியபின், மில்லிகனின் வரம்பையும் நேர்மையுடன் எடுத்துரைத்தல் எமது கடமையாகும். 'கூன்' நிகழ்ச்சியிலேயே லல்காகா, பானர்ஜி என்ற இந்தியப் பாத்திரங்கள் உச்சரிப்புக் கேலிக்காகவே பெரிதும் பயன்பட்டன. 1969 இல் ஜோனி ஸ்பைற் எழுதிய 'கறி அண்ட் சிப்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் மில்லிகன் முகத்திற் கருமை பூசி, பாகிஸ்தானிய - ஐரிஷ் தொழிலாளியாக நடித்தார். ஈனொக் பவலின் இனவெறிப் பேச்சு நிகழ்ந்து ஒன்றரை ஆண்டு சற்றே கடந்திருந்தது. தொடர் ஆறு வாரங்களில் நிறுத்தப்பட்டது. 1975 இல் அவரே பங்குகொண்டு எழுதிய இத்தகைய மற்றொரு தொடரும் ஒரேயொரு ஒலிபரப்புடன் நின்றுபோயிற்று.

இனவெறியரைக் கேலிசெய்வதே நோக்கமென இத்தகைய முயற்சிகளுக்குச் சமாதானம் கூறப்படுவதுண்டு. ஆயின் நோக்கம் மட்டும் சிரிப்பின் பொருளை நிர்ணயிப்பதில்லை. ஆலையிலும் தெருவிலும் வசைச்சொற்களைக் கேட்டு வாழ்ந்த குடிபெயர்ந்தோருக்கு, அதே சொற்களை வீட்டுத் தொலைக்காட்சியில் சிரிப்பொலியுடன் கேட்பது விடுதலையாக அமைந்திருக்கமுடியாது. பிளட்நொக்கை மில்லிகன் உள்ளிருந்து அறிந்தவர். அவ்வெள்ளலில் உண்மை இருந்தது. பூனாவில் தம் வீட்டில் ஏவல்செய்தவர்களையோ அவர் வெளியிலிருந்தே அறிந்திருந்தார். படைமுகாமின் வேலி அவரது கற்பனைக்கும் வேலியாயிற்று. அதிகாரியை நோக்கிச் சென்றபோது கூர்மையாயிருந்த அதே கருவி, அடக்கப்பட்டோரை நோக்கித் திரும்பியபோது பழைய எசமானரின் கருவியாகிவிட்டது.

7

மில்லிகனின் செல்வாக்கு பரந்தது. 1969 மார்ச்சிற் பி.பி.சி.யில் ஆரம்பித்த அவரது 'கியூ 5' தொலைக்காட்சித் தொடர், அவ்வாண்டின் பிற்பகுதியில் தோன்றிய மொன்ரி பைதன் குழுவினருக்கு வழிகாட்டிற்று. ஜோன் லெனன் தம் இளமையிற் 'கூன்' நிகழ்ச்சியால் ஈர்க்கப்பட்டவர். 2001 இல் மில்லிகனுக்கு வீரப்பட்டம் வழங்கப்பட்டது. பிரித்தானியப் பிரசையல்லாதவர் என்பதால் அது கௌரவப் பட்டமாகவே அமைந்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரி 27 இல் அவர் காலமானார். தாம் நோயுற்றிருப்பதை முன்னரே சொன்னதாகக் கூறும் வாசகத்தைக் கல்லறையிற் பொறிக்க விரும்பியிருந்தார். திருச்சபையினர் அதனை ஐரிஷ் மொழியிற் பொறிக்கவே இணங்கினர். ஆங்கிலத்திற் சிரித்து வாழ்ந்தவரின் இறுதிச் சிரிப்பு, அவ்வூரார் பெரும்பாலோர்க்கு விளங்காத மொழியில் நிற்கின்றது.

தொகுத்து நோக்குமிடத்து, மில்லிகனின் அபத்தம் பொருளற்ற பிதற்றலன்று என்பது தெளிவாகும். பொருளற்றதாகிவிட்ட ஓர் ஒழுங்கை அதன் அடித்தட்டிலிருந்து கண்ட ஒருவரின் சாட்சியம் அது. அதேவேளை, அச்சாட்சியம் முழுமையானதுமன்று. சாம்ராச்சியத்தை அதன் படைவீரன் எவ்வாறு சிரித்தான் என்பதை அது சொல்கின்றது. அச்சாம்ராச்சியத்தாற் சிரிக்கப்பட்டோர் எவ்வாறு சிரித்தனர் என்பதைச் சொல்லவில்லை. அவர்களது சிரிப்பின் வரலாறு இனித்தான் எழுதப்படவேண்டும். அதனை எழுத முனைவோர் மில்லிகனைக் கற்பதும் அவசியம். அவர் நின்றுவிட்ட வேலியைக் கடப்பதும் அவசியம்.